மீனாவை வரைந்த ராம் மோகன்: இந்திய அனிமேஷன் முன்னோடியின் வாழ்வும் பணியும்

ஒரு மாம்பழம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பழத்தைப் பறித்து வந்தவள் மகள். ஆனால் நறுக்கிக் கொடுக்கும்போது பெரிய துண்டு மகனுக்குப் போகிறது. இரவுச் சாப்பாட்டிலும் அவன் தட்டில்தான் அதிகம். ‘ஏன் இப்படி?’ என்று அந்தச் சிறுமி கேட்கிறாள்.

1990களில் தெற்காசிய நாடுகளின் கிராமங்களிலும் நகரங்களிலும் திரையிடப்பட்ட ஒரு கார்ட்டூன் படத்தின் கதை இது. அந்தச் சிறுமியின் பெயர் மீனா. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் இந்தியாவிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவளைப் பார்த்து வளர்ந்தார்கள். அவளுக்கு உருவம் கொடுத்தவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். ‘இந்திய அனிமேஷனின் தந்தை’ என்று அழைக்கப்படுபவர்.

அவர் சகோதர சமயத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் உரிமைக்காகவும் அவருடைய தூரிகை செய்த வேலையை முஸ்லிம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. பிள்ளைகள் கையில் எந்நேரமும் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அது யாரால், எதற்காக, எப்படி உருவாக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ளவும் அவருடைய வாழ்க்கை உதவும்.

அனிமேஷன் என்றால் என்ன?

கண் முன்னால் படங்கள் மிக வேகமாக அடுத்தடுத்து மாறினால், அவற்றைத் தனித்தனிப் படங்களாகப் பார்க்க நம்மால் முடியாது. தொடர்ச்சியான அசைவாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. ஈரானில் ‘ஷஹ்ர்-இ சூக்தா’ என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் ஒரு மண் கிண்ணம் கிடைத்திருக்கிறது. ஒரு வெள்ளாடு மரத்தை நோக்கித் தாவி இலையைக் கடிக்கும் காட்சி அதன் சுற்றுப்புறத்தில் ஐந்து படங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. அது ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் பழமையானது. அசைவைப் படமாக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு சான்று.

சினிமா வந்த பிறகு அந்த ஆசை நிறைவேறியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1908ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் எமில் கோல் என்பவர் ‘ஃபான்டாஸ்மகோரி’ என்ற படத்தை வெளியிட்டார். கையால் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து உருவாக்கிய முதல் கார்ட்டூன் படம் என்று பலரும் அதையே குறிப்பிடுகிறார்கள். அது ஓடும் நேரம் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவு.

இந்த வேலையின் கஷ்டத்தை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. பத்து நிமிடப் படத்துக்கு 14,400. ஒரே படத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 படங்கள் வரைய வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு படமும் முதலில் பென்சிலில் வரையப்பட்டது. பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பிரதி எடுத்து, பின்பக்கத்தில் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, கேமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் படம்பிடித்தார்கள். ஓர் ஆள் கையைத் தூக்கி ஸலாம் சொல்லும் காட்சிக்கே பல படங்கள் தேவைப்படும். பொறுமையும் ஒழுங்கும் இல்லாதவர்களால் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

வேதியியலில் இருந்து ஓவியப் பலகைக்கு

ராம் மோகன் 1931ஆம் ஆண்டு பிறந்தார். படித்தது வேதியியல், மனம் இருந்தது சித்திரத்தில். 1956ஆம் ஆண்டு அவர் மும்பையில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்தார். நாட்டின் வளர்ச்சிப் பணிகளை மக்களுக்கு எடுத்துச் சொல்ல 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தியேட்டர்களில் படம் தொடங்குவதற்கு முன்னால் காட்டப்பட்ட செய்திப் படங்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றைத் தயாரித்த நிறுவனம் இதுதான்.

அந்த நேரத்தில்தான் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க அமெரிக்காவின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் என்ற கலைஞர் வந்தார். ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’ போன்ற படங்களில் வால்ட் டிஸ்னி நிறுவனத்துக்காக வேலை செய்தவர் அவர். இந்தியாவில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதால் இந்த மண் அவருக்குப் புதிதல்ல. அவரிடம் பாடம் கற்ற முதல் அணியில் ராம் மோகனும் ஒருவர். அந்த அணி 1957ஆம் ஆண்டில் ‘தி பேனியன் டீர்’ என்ற படத்தை உருவாக்கியது. புத்த ஜாதகக் கதை ஒன்றை அஜந்தா ஓவியங்களின் பாணியில் சொன்ன படம் அது. வெளிநாட்டு ஆசிரியரிடம் தொழில்நுட்பத்தைக் கற்றார்கள். கதையையும் கோடுகளையும் தம் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ராம் மோகன் கடைசிவரை கைவிடாத பாடம் இது.

பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பிறகு, 1968ஆம் ஆண்டு வெளியேறி, பிரசாத் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1972ஆம் ஆண்டு ‘ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அரசு வேலையை விட்டு, இந்தியாவில் சந்தையே இல்லாத ஒரு கலையை நம்பிக் கடை திறப்பது அன்றைக்குத் துணிச்சலான முடிவு. விளம்பரப் படங்களும் சினிமாப் படங்களின் பெயர் வரிசைக் காட்சிகளும்தான் நிறுவனத்துக்குச் சோறு போட்டன. அவற்றுக்கு நடுவிலும் தரமான குறும்படங்களை எடுத்தார். ‘யூ செட் இட்’ (1972), ‘ஃபயர் கேம்ஸ்’ (1983) ஆகிய படங்களுக்குத் தேசிய விருது கிடைத்தது.

அவத் மன்னரும் செர்ரிப் பழமும்

1977ஆம் ஆண்டில் வெளியான சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ படத்தில் ராம் மோகனின் அனிமேஷன் காட்சி ஒன்று இடம்பெற்றது. அது முஸ்லிம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய வரலாறு. லக்னோவைத் தலைநகராகக் கொண்டு அவத் நாட்டை ஆண்ட நவாப் வாஜித் அலீ ஷாவின் ஆட்சியை 1856ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்ட கதை அது.

அவத் நாட்டை, ஒருநாள் தங்கள் வாயில் தானாக விழப்போகும் செர்ரிப் பழம் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஒரு கடிதத்தில் வர்ணித்திருந்தார். அந்தச் சொல்லையே காட்சியாக்கினார்கள். பஞ்சாப், பர்மா, நாக்பூர், ஜான்சி என ஒவ்வொரு நாடும் ஒரு பழமாகி விழுங்கப்படுகிறது. ஒரு நாட்டைப் பிடிப்பதைப் பழம் தின்பது போலப் பேசிய ஆணவத்தைப் பல பக்கங்கள் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. சில நிமிடக் கார்ட்டூன் அதைச் சொல்லிவிடுகிறது. மிருணாள் சென் 1969ஆம் ஆண்டில் இயக்கிய ‘புவன் ஷோம்’ படத்திலும் ராம் மோகனின் அனிமேஷன் உண்டு.

பிறகு ஜப்பானைச் சேர்ந்த யூகோ சாகோவுடன் இணைந்து இராமாயணக் கதையை முழுநீள அனிமேஷன் படமாக இயக்கினார். 1992ஆம் ஆண்டில் முடிந்த அந்தப் படத்தில் இரு நாட்டுக் கலைஞர்களும் சேர்ந்து உழைத்தார்கள். இந்தியக் கலைஞர்களுக்கு உலகத் தரத்தில் முழுநீளப் படம் செய்யும் அனுபவம் அதில் கிடைத்தது.

மீனா பிறந்த கதை

சார்க் நாடுகள் 1990ஆம் ஆண்டைப் பெண் குழந்தைகள் ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைகளுக்கான பத்தாண்டாகவும் அறிவித்தன. காரணம் எளிமையானது, வேதனையானதும்கூட. இந்த வட்டாரத்தில் பெண் பிள்ளைக்குச் சாப்பாட்டில் குறைவு, மருத்துவத்தில் தாமதம், பள்ளியில் இடமில்லை, சிறு வயதிலேயே திருமணம். இதைச் சுவரொட்டி ஒட்டி மாற்ற முடியாது. வீட்டுக்குள் போய்ப் பேச ஒரு தோழி தேவைப்பட்டாள்.

ஐ.நா. அவையின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப், டாக்காவில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. சிறுமிக்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு ராம் மோகனிடம் வந்தது.

ஒரே சிறுமி பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் நேபாளத்திலும் நம் வீட்டுப் பிள்ளை என்று தோன்ற வேண்டும். முஸ்லிம் வீட்டிலும் இந்து வீட்டிலும் அவளை அந்நியமாக நினைக்கக் கூடாது. அவளுக்குப் புடவை கட்டினால் ஒரு பகுதியினருக்கு ஒட்டாது. வேறு உடை போட்டால் இன்னொரு பகுதியினருக்கு ஒட்டாது. எனவே ஓவியர் தம் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பல விதமாக வரைந்த படங்களைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்று தாய்மார்களிடமும் பிள்ளைகளிடமும் காட்டினார்கள். நாடு நாடாகக் கருத்துக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். கடைசியில் நீண்ட பாவாடையும் மேல்சட்டையும் தாவணி போன்ற துணியும் அணிந்த சிறுமி உருவானாள். இரு சமூகத்திலும் வழங்கும் பெயராகத் தேடி ‘மீனா’ என்று வைத்தார்கள். தம்பி ராஜுவும் பேசும் கிளி மிட்டுவும் அவளுக்குத் துணை. கதைகளையும் இப்படியே கிராமத்து மக்களிடம் சொல்லிக்காட்டிச் சரிபார்த்த பிறகே படமாக்கினார்கள்.

முதல் படத்தில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. வீட்டு வேலை இருக்கிறதே! அவளோ கிளியைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொல்லும் பாடத்தை வைத்து எண்ணக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள்; ஒன்று குறைகிறது. அவள் எண்ணிப் பார்த்ததால்தான் கோழித் திருடன் பிடிபடுகிறான். ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?’ என்று நினைத்த தந்தை மனம் மாறி அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவள் யாரையும் எதிர்த்துக் கத்தவில்லை. தந்தையை அவமானப்படுத்தவில்லை. தான் கற்றது குடும்பத்துக்கு உதவும் என்பதைச் செய்து காட்டுகிறாள், அவ்வளவுதான். அதனால்தான் பெரியவர்களும் அவளை ஏற்றுக்கொண்டார்கள்.

மாம்பழக் கதையில் அக்காவும் தம்பியும் ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். மீனாவின் வேலைகளைச் செய்து களைத்துப்போன ராஜு, இரவில் மீனாவின் பங்கு தன் தட்டில் விழும்போதுதான் உண்மையை உணர்கிறான். இளவயதுத் திருமணம், கழிப்பறைச் சுகாதாரம், பாதியில் நிற்கும் படிப்பு என அடுத்தடுத்த படங்கள் வந்தன. பல மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டது. 1998 முதல் செப்டம்பர் 24ஆம் தேதி தெற்காசியாவில் ‘மீனா தினம்’ என்று கடைப்பிடிக்கப்படுகிறது. வட இந்திய மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் மாணவியர் குழுக்களுக்கு ‘மீனா மஞ்ச்’ என்றே பெயர். பள்ளிக்கு வராத தோழியின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி அவளை அழைத்து வருவது அந்தக் குழுக்களின் வேலைகளில் ஒன்று.

மாம்பழமும் நம் மார்க்கமும்

மீனாவின் கேள்வி நமக்குப் புதியதல்ல. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் செய்தியை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அவருடைய தந்தை தம் பிள்ளைகளில் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி அறிவுறுத்தினார்கள். தந்தை அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெண் குழந்தையை உயிரோடு புதைத்த சமூகத்தைத் திருத்திய மார்க்கம் இது. முதல் வஹீயிலேயே ஓதும்படி கட்டளையிட்ட மார்க்கமும் இதுதான்.

ஆனால் நம் வீடுகளின் நிலை என்ன? அல்ஹம்துலில்லாஹ், இன்று சுல்தான்பேட்டையிலும் முல்லா வீதியிலும் பட்டம் பெற்ற பெண் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அதே சமயம், நல்ல மதிப்பெண் வாங்கியும் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண் பிள்ளையைச் சொல்லுங்கள் என்றால், நம்மில் பலருக்கும் சொந்தத்திலேயே ஒரு முகம் நினைவுக்கு வரும். அண்ணனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். நல்ல இடம் வந்துவிட்டது என்பது இன்னொரு காரணம். காரணம் எதுவானாலும் பெரிய துண்டு யாருக்குப் போனது என்பதை அந்தப் பிள்ளை அறிவாள்.

படம் வரைவது குறித்து

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே விரிவான ஆய்வுகளும் கருத்து வேறுபாடுகளும் உள்ளன. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றில் இறக்கையுள்ள குதிரை இருந்ததையும் ஹதீஸ்களில் படிக்கிறோம். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் சலுகை உண்டு என்போர் இதைச் சான்றாகக் காட்டுவார்கள். நம் கருத்து எதுவாக இருந்தாலும், பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பதில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது.

முஸ்லிம் நாடுகளில் இந்தப் பொறுப்பைச் சிலர் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். கஜகஸ்தானில் அமென் ஹைதரோவ் 1967ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதல் அனிமேஷன் படத்தை உருவாக்கினார். தகைவிலான் குருவியின் வால் ஏன் பிளந்திருக்கிறது என்ற பாட்டிக் கதைதான் படம். மனிதனின் இரத்தத்தைத் தேடிய பாம்பிடமிருந்து மனிதனைக் காப்பாற்றப்போய் வாலை இழந்த குருவியின் கதை அது. வல்லரசு ஒன்றின் ஆட்சியில் இருந்தபோதும் தம் பிள்ளைகளுக்குத் தம் கதையைச் சொன்னார் அவர். மலேசியாவில் ‘உப்பின் இப்பின்’ தொடர் 2007ஆம் ஆண்டு ரமலானில், நோன்பு பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கப்பட்டது. பெற்றோரை இழந்த இரட்டைச் சிறுவர்கள் பாட்டியிடமும் அக்காவிடமும் வளர்கிறார்கள். அவர்களின் நண்பர்களில் இந்திய வம்சாவளிச் சிறுவன் ராஜுவும் ஒருவன். மலேசியாவில் சொந்தங்கள் உள்ள வீடுகளில் இந்தத் தொடரை அறியாத பிள்ளைகள் குறைவு.

அவர் விட்டுச் சென்றது

1990களின் பிற்பகுதியில் ராம் மோகனின் நிறுவனம் யுடிவி குழுமத்துடன் இணைந்தது. வெளிநாட்டுத் தொடர்களுக்கான அனிமேஷன் வேலைகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கிய காலம் அது. 2006ஆம் ஆண்டில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மும்பையில் அனிமேஷன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 2014ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019 அக்டோபர் 11 அன்று காலமானார். இன்று இந்திய அனிமேஷன் துறையில் மூத்தவர்களாக இருக்கும் பலர் அவரிடமோ அவருடைய மாணவர்களிடமோ தொழில் கற்றவர்கள்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று, பெற்றோருக்கு. பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாமல், வாரம் ஒருநாளாவது கூட உட்கார்ந்து பாருங்கள். மீனா படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். பார்த்த பிறகு, ‘நம் வீட்டில் யாருக்குப் பெரிய துண்டு?’ என்று மகனிடமும் மகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நம்மைச் சங்கடப்படுத்தலாம். அந்தச் சங்கடம் நல்லது.

இன்னொன்று, வரையத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு. ராம் மோகன் காலத்தில் கற்றுக்கொடுக்க ஆள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இன்று சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. புதுச்சேரி அரியாங்குப்பத்தின் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலை படிக்கலாம். சொல்வதற்குக் கதைகளும் நம்மிடம் ஏராளம். பாய்மரக் கப்பலில் கிழக்கே சென்ற மரைக்காயர்கள், முல்லா நஸ்ருத்தீனின் வேடிக்கைகள், நம் நன்னிமார் சொல்லித் தந்த கிஸ்ஸாக்கள் எல்லாம் காத்திருக்கின்றன.

வரைவதற்கு முன்னால் மட்டும் ராம் மோகனின் முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காக வரைகிறோமோ அவர்களிடம் முதலில் போய்க் கேளுங்கள். அப்படிக் கேட்டு வரைந்ததால்தான், மும்பையில் ஒருவர் வரைந்த சிறுமியை டாக்காவிலும் லாகூரிலும் தம் மகள் என்று ஏற்றுக்கொண்டார்கள். நம் வீட்டிலிருந்தும் அப்படி ஒரு பிள்ளை வரட்டும், இன்ஷா அல்லாஹ். அது மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம்.